முன்பக்கம் ராகி, பின்பக்கம் சர்க்கரை: கிருஷ்ணகிரியில் ஒரு ‘ஹெல்த்’ அலமாரி

கிருஷ்ணகிரி நகரில் அண்மைக் காலத்தில் திறக்கப்பட்ட பல்பொருள் அங்காடிகளுள் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கடையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் குறை சொல்லப்போகும் பண்டங்களில் பெரும்பாலானவற்றை அந்தக் கடை தயாரிக்கவில்லை. தருமபுரியிலும் ஓசூரிலும் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் அதே வகைப் பெட்டிகள்தாம் அதே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மதிப்பிட எடுத்துக்கொண்டதும் முழுக் கடையை அன்று. ‘ஹெல்த்’ என்ற பச்சைப் பலகை தொங்கும் ஓர் அலமாரியையும், அதற்கு நேர் எதிரே தானியங்களை எடை போட்டுத் தரும் பகுதியையும் மட்டுமே எடுத்துக்கொண்டேன். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: தானியப் பகுதிக்காக இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம், பச்சைப் பலகையின் கீழ் இருப்பவற்றைப் பின்பக்கம் படிக்காமல் வாங்கக் கூடாது.

கடை சுத்தமாக இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் உண்டு, பில் போடும் இடத்தில் அவசரப்படுத்துவதில்லை, காலாவதியான பொருள் எதுவும் என் கண்ணில் படவில்லை. இவற்றை இதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை.

அலமாரியின் மேல் தட்டில் ராகி பிஸ்கட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டங்கள் கிருஷ்ணகிரியும் தருமபுரியும். 2023-ஆம் ஆண்டு ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியதும் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான். எனவே ‘ராகி’ என்ற எழுத்துகளுக்கு இந்த ஊரில் தனி மரியாதை உண்டு, அதைப் பிஸ்கட் நிறுவனங்கள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. நான் எடுத்துப் பார்த்த பொட்டலத்தின் முன்பக்கத்தில் பாதி இடத்தைக் கேழ்வரகுக் கதிரின் படம் அடைத்திருந்தது. ‘ராகி’ என்பது தமிழிலும் பெரிதாக அச்சாகியிருந்தது. திருப்பினால் எல்லாம் ஆங்கிலம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. உட்பொருள் பட்டியலில் முதலில் வருவது சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது மைதா, 48 சதவீதம். அடுத்தது சர்க்கரை. அதற்கடுத்தது பாமாயில். நான்காவதாகத்தான் ராகி மாவு வருகிறது, 12 சதவீதம்.

இந்த வரிசை தற்செயலானதன்று. உட்பொருள்களைத் தயாரிப்பின்போது சேர்த்த எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகளில் உள்ள விதி. எந்த உட்பொருளைச் சொல்லாலோ படத்தாலோ முன்னிறுத்திக் காட்டுகிறார்களோ, அதன் சதவீதத்தையும் வெளியிட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இந்த இரண்டாவது விதியால்தான் 12 என்ற எண் நமக்குக் கிடைக்கிறது. சர்க்கரைக்கு இந்தப் பட்டியலில் சதவீதம் எழுதவில்லை. ஆனால் அது ராகிக்கு முன்னால் நிற்பதால் 12 சதவீதத்துக்குக் குறையாது என்று ஊகித்துவிடலாம். சத்து அட்டவணையைப் பார்த்தால் ஊகம் தேவையில்லை. 100 கிராமுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 24 கிராம். ராகி எத்தனையோ அதைப் போல இரண்டு மடங்கு சர்க்கரை. இதைச் ‘சர்க்கரை பிஸ்கட், ராகி கலந்தது’ என்று விற்றால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, சுவை நன்றாகவே இருக்கிறது.

அட்டவணையில் மூன்று பத்திகள் உள்ளன: 100 கிராமுக்கு, ஒரு பரிமாறலுக்கு, நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவில் அந்தப் பரிமாறல் எத்தனை சதவீதம் என்பது. வாங்குபவர் கண் மூன்றாவது பத்தியில்தான் நிற்கும், ஏனெனில் நாள் முழுவதற்கான அளவில் ஒரு பங்கு என்று பார்க்கும்போது எதுவும் சிறியதாகத் தோன்றும். இந்தப் பிஸ்கட்டில் ஒரு பரிமாறல் என்பது 25 கிராம், மூன்று பிஸ்கட்; சேர்க்கப்பட்ட சர்க்கரை 6 கிராம்; அன்றாட அளவில் 12 சதவீதம். இந்தச் சதவீதத்துக்கு அடிப்படை, 2,000 கிலோகலோரி உணவு உண்பவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று விதிகள் வைத்திருக்கும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாக, அதாவது ஏறத்தாழ இதே 50 கிராமுக்குள், தனிச் சர்க்கரையை (சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும் சேர்ந்தது) நிறுத்த வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே, சுமார் 25 கிராமாக, ஆறு தேக்கரண்டி அளவாகக் குறைத்தால் மேலும் நன்மை உண்டு என்றும் சொல்கிறது. லேபிளில் அச்சாகும் சதவீதம் உச்ச வரம்பை வைத்துப் போட்டது. 25 கிராமை இலக்காகக் கொண்டவர் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மூன்று பிஸ்கட்டோடு எழுந்துவிடும் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை இங்கே எழுப்பாமல் விடுகிறேன்.

இரண்டாவது தட்டு முழுவதும் பாலில் கலக்கிக் குடிக்கும் பொடிகள். இந்த அலமாரியில் அதிகம் விற்பதும் இதுதான் என்று கடைப் பணியாளர் சொன்னார். தட்டின் விளிம்பில் ‘ஹெல்த் டிரிங்க்ஸ்’ என்று நீள அட்டை ஒட்டியிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் கொடுத்தது: பால், தானியம், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதன் சாரம். இணையத்தில் தலைப்புகள் மாறின. கடைத் தட்டுகளில் ஒட்டிய அட்டைகளை யாரும் கழற்றவில்லை, இந்தக் கடையிலும் கழற்றவில்லை.

இங்கு நான் விரிவாக ஆராய்ந்தது 500 கிராம் ராகி மால்ட் பெட்டி ஒன்றை. அதன் பட்டியலில் ராகி மாவு முதலிடத்தில் இருக்கிறது, 34 சதவீதம். பிஸ்கட்டைப் பார்த்த பிறகு இது ஆறுதல் தருவது போலத் தோன்றும். ஆனால் அதன் பிறகு வரிசையாக வருபவற்றைக் கவனியுங்கள்: சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், பால் திடப்பொருள், மால்ட் சாறு, திரவ குளுக்கோஸ், கோகோ, கனிமங்கள். இனிப்பை ஒரே பெயரில் எழுதாமல் சர்க்கரை, மால்ட் சாறு, திரவ குளுக்கோஸ் என மூன்றாகப் பிரித்துச் சேர்த்தால், ஒவ்வொன்றின் எடையும் தனித்தனியே குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறது, தானியம் மேலே வந்துவிடுகிறது. விதியை மீறாமலேயே இதைச் செய்ய முடியும். வேறு பெட்டிகளில் டெக்ஸ்ட்ரோஸ், சுக்ரோஸ், ஃபிரக்டோஸ், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், தேன், பழச்சாற்றுச் செறிவு, பேரீச்சைப் பாகு என்ற பெயர்களையும் கண்டேன். எல்லாமே உடலுக்குள் சர்க்கரையாகப் போய்ச் சேர்பவை. மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் வேறு வகை. அது மாவுச்சத்தைச் சிதைத்துச் செய்த பொடி. அட்டவணையில் சர்க்கரை என்ற வரியில் வராமல் கார்போஹைட்ரேட் என்ற வரியில் ஒளிந்துகொள்ளும், ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். ஆகவே சர்க்கரை வரி ஒன்றைப் படித்துவிட்டுத் திருப்தி அடைவது சர்க்கரை நோயாளிகளுக்குப் போதாது.

பெட்டியின் அட்டவணைப்படி 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 38 கிராம், அதில் சேர்க்கப்பட்டது 34 கிராம். ராகியும் 34, சேர்த்த சர்க்கரையும் 34. ஒரு வேளைக்கு 25 கிராம் பொடி போடச் சொல்கிறார்கள்; அதில் ராகி எட்டரை கிராம், சர்க்கரை எட்டரை கிராம். காலையும் மாலையும் குடிக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை 17 கிராம் ஆகிவிடுகிறது. தயாரிக்கும் முறையில் கடைசி வரி, ‘சுவைக்கேற்பச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளவும்’ என்பது. அதைப் படித்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ராகியை எதற்காக வாங்குகிறோம் என்று கேட்டால் எல்லோரும் கால்சியம் என்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, தானியங்களில் இதற்கு ஈடில்லை என்பதும் உண்மை. அந்தக் கணக்கில் எட்டரை கிராம் ராகி தருவது சுமார் 30 மில்லிகிராம். பொடியைக் கலக்கும் 200 மில்லி பாலிலோ 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அட்டவணையில் பெரிதாகத் தெரியும் கால்சியம் எண்ணில் பெரும்பங்கு தனியாகச் சேர்த்த கனிம உப்பினுடையது. நம் பக்கத்தில் இரவில் கிண்டும் களியில் ஆளுக்கு 100 கிராம் மாவு சாதாரணமாகப் போகிறது. கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ அதனுடன் சேர்ந்தால், பெட்டியின் முன்பக்கம் வாக்களிக்கும் அனைத்தும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. விலையையும் ஒப்பிட்டேன். மால்ட் 500 கிராம் 290 ரூபாய், கிலோவுக்கு 580. எதிர்ப்பகுதியில் கேழ்வரகு மாவு கிலோ 70 ரூபாய். அந்த 580 ரூபாய்க்குக் கிடைப்பது 340 கிராம் ராகியும் ஏறத்தாழ அதே அளவு சர்க்கரையும்.

நான் பெட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி இதே மால்ட்டை எடுத்து அங்கிருந்த பணியாளரிடம் காட்டினார். “தம்பி, எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் இருக்குது. இது குடுக்கலாமா?” “தாராளமா குடுக்கலாம்மா, ராகிதானே.” அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. முன்பக்கத்தில் எழுதியிருந்ததைத்தான் சொன்னார். பின்பக்கத்தைப் படிக்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதைவிட அதிகமானோர் அதன் முந்தைய நிலையில் இருப்பதாகவும் கணித்தது. அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் உணவு வாங்குபவர் ஆங்கிலச் சிறு எழுத்தைப் படிப்பவராக இருப்பார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. லேபிளில் கட்டாயமான விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதும் என்கின்றன விதிகள். மாநில மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் விளைவை இந்த அலமாரியில் நேரில் காணலாம். விற்பதற்கான சொற்கள் தமிழில் இருக்கின்றன, எச்சரிக்கைக்கு உதவும் சொற்கள் தமிழில் இல்லை. ‘சத்து’, ‘பாரம்பரியம்’, ‘பாட்டி கைப்பக்குவம்’ ஆகியவற்றைத் தமிழில் அச்சிட இடம் இருக்கும்போது, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்பதற்கு மட்டும் இடம் இல்லாமல் போவதை இடப் பற்றாக்குறை என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடைக்கே உரிய குறை வேறொன்று இருக்கிறது, அது ஸ்டிக்கர். இந்தக் கடை தன் பார்கோடு, சலுகை ஸ்டிக்கர்களைப் பல பெட்டிகளில் சத்து அட்டவணையின் மேலேயே ஒட்டியிருக்கிறது. மால்ட் பெட்டிகளில் சிலவற்றில் சர்க்கரை வரி முழுவதும் மறைந்துபோய், வேறு பெட்டி தேடித்தான் எண்ணைக் குறித்துக்கொண்டேன். லேபிள் விவரங்கள் தெளிவாகவும் எளிதில் படிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. விலையைக் குறைத்துக் காட்ட ஸ்டிக்கர் ஒட்டும்போதுகூட, தயாரிப்பாளர் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையை அது மறைக்கக் கூடாது என்று எடையளவுச் சட்ட விதிகள் தனியே கூறுகின்றன. விலைக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு சர்க்கரை வரிக்கும் நடைமுறையில் கிடைத்தால் நல்லது. மேற்பார்வையாளரிடம் இதைச் சுட்டிக்காட்டினேன். “முன்னாடி ஒட்டினா டிசைன் மறையுதுன்னு கம்பெனி ஆளுங்க சத்தம் போடறாங்க சார். அதனாலதான் பின்னாடி ஒட்டறோம்” என்றார். பணிவாகத்தான் சொன்னார், காரணத்தையும் ஒளிக்கவில்லை. பெட்டியின் எந்தப் பக்கம் யாருக்கு முக்கியம் என்பது அந்தப் பதிலில் தெளிவாகவே இருக்கிறது.

கீழ்த்தட்டில் மாம்பழப் பானங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நின்று மாம்பழப் பானத்தை மதிப்பிடுவது கொஞ்சம் சங்கடமான வேலை. ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடத்தும் ஊர் இது. சுற்றியுள்ள கூழ் ஆலைகள் தோத்தாபுரி என்றும் வழங்கும் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கும் பான நிறுவனங்களுக்கும் அனுப்புகின்றன. அந்தக் கூழ்தான் பாட்டிலில் அடைபட்டு இதே ஊருக்குத் திரும்பி வருகிறது என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே கேள்வி.

பழப்பானம் என்ற பெயரில் விற்க, எலுமிச்சை நீங்கலாக, குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்பது இந்தியத் தரம். நான் பார்த்த 600 மில்லி பாட்டிலில் மாம்பழக் கூழ் 15 சதவீதம் என்று இருந்தது. ஆகக் குறைந்த அளவைவிட இது மேல், அந்த வகையில் நிறுவனம் விதியைத் தாண்டியே தந்திருக்கிறது. ஆனால் 15 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் கூழ் 90 மில்லிதான்; நடுத்தர அளவிலான ஒரு பெங்களூரா பழத்தின் சதை அதைவிட அதிகம். பெங்களூரா கூழில் கரைந்துள்ள திடப்பொருள், அதாவது பெரும்பாலும் பழத்தின் சொந்தச் சர்க்கரை, ஏறத்தாழ 14 சதவீதம் இருக்கும். எனவே 100 மில்லி பானத்தில் உள்ள 15 மில்லி கூழ் கொண்டுவரும் இனிப்பு 2 கிராம். பாட்டிலின் அட்டவணையில் மொத்தச் சர்க்கரை 13 கிராம், சேர்க்கப்பட்டது 11 கிராம் என்று எழுதியிருப்பதோடு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. இனிப்பில் ஆறில் ஒரு பங்குகூட மாம்பழத்திலிருந்து வரவில்லை.

இந்தப் பாட்டிலில் ஒரு பரிமாறல் 150 மில்லி என்று வைத்திருக்கிறார்கள். அதற்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை பதினாறரை கிராம், அன்றாட அளவில் 33 சதவீதம். 600 மில்லி பாட்டிலை நான்கு பேர் அளந்து ஊற்றிப் பகிர்ந்து குடிப்பது அரிது. சேலம் சாலையில் வண்டியை நிறுத்தி வாங்குபவர் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் தனியாகவே குடித்து முடித்துவிடுவார். அப்போது உள்ளே போவது 66 கிராம், விதிகள் அடிப்படையாக வைத்த ஒரு நாள் வரம்பையே தாண்டிய அளவு. பரிமாறல் அளவைத் தீர்மானிக்கும் உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கும் வரை, மூன்றாவது பத்தியைப் புறக்கணித்துவிட்டு 100 மில்லிக்கான எண்ணைக் குடிக்கும் அளவால் பெருக்குவதே நேரான வழி. இடையில் ஒரு வார்த்தை: ஆகக் குறைந்த பழ அளவை 10 சதவீதத்திலிருந்து உயர்த்தினால் சர்க்கரை சற்றேனும் குறையும், சீசனில் விலை சரிந்து தவிக்கும் நம் மா விவசாயிகளின் பழத்துக்கும் தேவை கூடும். இரண்டு பேருக்கும் ஒரே மருந்தாக அமையக்கூடிய திருத்தம் இது.

இதே தட்டில் ‘பழச்சாறு’ என்று அட்டைப் பெட்டியில் வரும் வகையும் உண்டு. நீரை வற்றச் செய்து செறிவாக்கிய சாற்றில் மீண்டும் தண்ணீர் கலந்து தயாரித்தவற்றுக்கு ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று எழுதுவதை நீக்குமாறு 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்தால் ‘இனிப்பூட்டப்பட்ட சாறு’ என்று குறிப்பிட வேண்டும் என்பதையும் நினைவூட்டியது. நான் பார்த்த பெட்டிகளில் 100 சதவீதம் என்ற சொல் இல்லை. விதி வேலை செய்திருக்கிறது என்று பதிவு செய்வதில் மகிழ்ச்சிதான்.

‘சுகர் ஃப்ரீ’ வகை பிஸ்கட்டுகளுக்கு அரைத் தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதி. சொல் உண்மையே. ஆனால் அவற்றில் சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது, உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசைப்படி ஐ.என்.எஸ். 965 என்றும் அதை எழுதுவார்கள். அடிப்படை மாவு அதே மைதா, கார்போஹைட்ரேட் 100 கிராமுக்கு 70 கிராம் அளவில் நிற்கிறது. மேலே சொன்ன அம்மாவின் கணவருக்கு இதையும் யோசிக்காமல் தர முடியாது.

‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்ற வாசகம்தான் இந்த அலமாரியில் எனக்கு மிகவும் நெருடலாக இருந்தது. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று சொல்ல வேண்டுமானால், சர்க்கரையையோ, சர்க்கரை கலந்த ஜாம், சாக்லேட் போன்ற பொருளையோ, அதற்கு மாற்றாகப் பழச்சாற்றுச் செறிவு, உலர்பழ விழுது ஆகியவற்றையோ சேர்த்திருக்கக் கூடாது என்று அதே 2018 விதிகள் தெளிவாக வகுத்திருக்கின்றன. ‘வெள்ளை’ என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டுவிட்டால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடுகிறது. அப்படி எழுதிய கம்பு லட்டு டப்பாவில் இரண்டாவது உட்பொருள் நாட்டுச் சர்க்கரை, மூன்றாவது பேரீச்சைப் பாகு. பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கரும்பு வயல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வெல்லத்தின் மீது பற்று இருப்பது இயல்பே, எனக்கும் உண்டு. சுவையிலும் மணத்திலும் அது மேலானது, சிறிதளவு இரும்பும் கனிமங்களும் அதில் இருக்கின்றன. ஆனாலும் அதன் எடையில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அதைச் சர்க்கரைக் கணக்கில்தான் வைக்க வேண்டும். அந்த லட்டு டப்பாவிலேயே அட்டவணை இதை மறைக்கவில்லை: சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு 31 கிராம்.

இந்த அலமாரியில் மனமாரப் பாராட்ட வேண்டிய பொருள் ஒன்றும் இருந்தது. உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று தயாரித்த சத்து மாவு, ஓரத்தில் எளிய பிளாஸ்டிக் உறையில் வைக்கப்பட்டிருந்தது. முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, சோளம், பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, ஏலக்காய் என்று உட்பொருள்கள் அனைத்தும் தமிழில் அச்சாகியிருந்தன; சர்க்கரையோ மால்ட் சாறோ இல்லை. குறை என்னவென்றால், சத்து அட்டவணை இல்லை. ஆய்வகச் சோதனைக்குச் செலவாகும் என்பது புரிகிறது, ஆனால் பெரிய நிறுவனங்களோடு ஒரே தட்டில் நிற்கும்போது இவர்களுக்கு மிகவும் சாதகமாக அமையக்கூடியதே அந்த அட்டவணைதான். கடைக்காரர் இதைக் கண்மட்டத் தட்டுக்கு உயர்த்தினால் அவருடைய பச்சைப் பலகைக்கு ஓரளவு நியாயம் கிடைக்கும். இப்போது குனிந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பில் போடும் இடத்தில் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் சிறு பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத உறைகளில் உட்பொருள் பட்டியலும் சத்து விவரமும் அச்சிட வேண்டியதில்லை, அவை வந்த பெரிய பொதியில் இருந்தால் போதும் என்று விலக்கு உண்டு. அந்தப் பெரிய பொதி கடையின் கிடங்கிலேயே கிழிக்கப்பட்டுவிடுகிறது. கிராமத்துப் பெட்டிக்கடைகளில் ஏழைப் பிள்ளைகள் வாங்குவது இந்தச் சிறு உறைகளைத்தான்; விவரம் அதிகம் தேவைப்படும் இடத்தில் விவரம் எதுவும் இல்லை.

முன்பக்கத்திலேயே எச்சரிக்கை வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட வரைவு, நட்சத்திரக் குறியீட்டை முன்மொழிந்தது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் குறையும். பழம், பருப்பு, சிறுதானியம், நார்ச்சத்து, புரதம் ஆகியவற்றுக்குக் கூடும். இந்த அலமாரியைப் பார்த்த பிறகு அந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராகி சேர்த்ததற்காகச் சர்க்கரைக்கு மன்னிப்புக் கிடைக்கும் ஏற்பாடு அது. நிறுவனங்கள் இன்று சொற்களால் செய்வதை நாளை நட்சத்திரங்களால் செய்யும். சிலி நாடு 2016 முதல் நடைமுறைப்படுத்திய கறுப்பு எண்கோண முத்திரை எளிமையானது: சர்க்கரை வரம்பைத் தாண்டினால் ‘சர்க்கரை அதிகம்’ என்று முகப்பிலேயே எழுதிவிடுவார்கள், உள்ளே ராகி இருந்தாலும் ரவை இருந்தாலும். சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைத் தடித்த பெரிய எழுத்தில் அச்சிடும் முன்மொழிவுக்கு ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. அதுவும் நல்லதே, அந்த எழுத்தின் மீது கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டாத வரை.

எதிரே உள்ள தானியப் பகுதிக்கு வருகிறேன். கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, வரகு, கொள்ளு ஆகியவை மூடியிட்ட தொட்டிகளில் இருக்கின்றன. கேழ்வரகு கல் மண் இல்லாமல் சுத்தமாக இருந்தது; மாவு அன்றன்று அரைத்தது என்றார்கள், வாசனையும் அதை மெய்ப்பித்தது. முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு மாவு கிலோ 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாலில் கஞ்சியாகக் காய்ச்சி, இனிப்பு வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை போட்டால், எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரியும். தராசு வாங்குபவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே வேலை செய்யும் பெரியவர் எந்தத் தானியத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதுவரை பொறுமையாகச் சொல்கிறார். பச்சைப் பலகையின் கீழும் அவரைப் போல ஒருவர் நின்றால் நன்றாக இருக்கும்.

மதிப்பெண் கொடுப்பதென்றால் தானியப் பகுதிக்கு ஐந்துக்கு நாலரை, ‘ஹெல்த்’ அலமாரிக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் சத்து மாவுக்காகவும் கேள்வி கேட்டபோது மேற்பார்வையாளர் நேர்மையாகப் பதில் சொன்னதற்காகவும்தான். கடையே பொட்டலம் போடும் பொருள்களில் ஸ்டிக்கரை உறையின் கீழ் ஓரத்துக்கு மாற்றுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நிறுவனங்களின் பெட்டிகளுக்கு உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்றார். ஸ்டிக்கர் மறைத்த பெட்டியை யாராவது வாங்க நேர்ந்தால், பில்லையும் படத்தையும் வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் முறையிட வழி உண்டு. தானியம் வாங்கப் போகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. அதன் பிறகு எடை போட ஆள் இருப்பதில்லை, ஏற்கெனவே கட்டி வைத்த பொட்டலங்கள் மட்டுமே கிடைக்கும்.